மலைக்கு வணங்காத மாளிகை நிலைக்குமா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது பழமொழி.

சமவெளியில் வீடு கட்டுகிறவனுக்கே இந்த எச்சரிக்கை! மலையில் கட்டுகிறவனுக்கு என்ன சொல்வது? அதிலும் பனி கொட்டும் மலையில், நூற்றுக்கணக்கான பேர் தங்குவதற்கு, சொகுசான ஓட்டல் கட்டுகிறவனுக்கு என்ன சொல்வது?

"பனி மலை ஓட்டலுக்கும் சுந்தரபாண்டியத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் பக்கத்தில் இருக்கிறது சுந்தரபாண்டியம். அங்கே பனிக்கட்டி பெய்வது இல்லை. பங்குனி, சித்திரையில் வெயில்தான் பெய்கிறது. ஆனால் வீட்டு வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரிகிறது. அந்த மலையில் மழை பெய்தால்தான் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால்தான் வயல் விளையும்.

சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது. மலை மேலே ஒருவர் கட்டிடம் கட்டுகிறார். அதன் நன்மையும் தீமையும் அடிவாரத்தில் இருப்பவரைத் தேடி இறங்கி வருகின்றன. இமயமலை ஆனாலும் சரி, மேற்குத் தொடர்ச்சி மலை ஆனாலும் சரி, தண்ணீர் மேலே இருந்து கீழேதான் ஓடும்!

ஆகவே, மலை ஓட்டலை எப்படிக் கட்டவேண்டும் என்பது பணக்காரர்களும் என்ஜினீயர்களும் மட்டும் பேசி முடிக்கிற விஷயம் அல்ல. அடிவாரத்து மக்களும் அறிந்துகொண்டு பேசவேண்டிய விஷயம்.

பனிச்சறுக்கு என்றால் என்ன?

பனி மூடிய மலைச்சரிவில், காலில் நீளமான இரண்டு பலகைகளை மாட்டிக்கொண்டு வழுக்கி இறங்குவது ஒரு விளையாட்டு. அதற்குப் பனிச்சறுக்கு என்று பெயர். இந்தியாவில் காஷ்மீரில் உள்ள குல்மார்க்கும், உத்தரகாண்டில் உள்ள ஆலியும் இதற்குப் பேர் போன இடங்கள். குல்மார்க் கடல் மட்டத்துக்குச் சுமார் 8,700 அடி உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட உயரம்!

விளையாட வருகிறவர்கள் தங்குவதற்கு ஓட்டல் வேண்டும். அந்த ஓட்டலைச் சாதாரணக் கட்டிடம்போல் கட்ட முடியாது.

முதலில் கூரை. பனி பஞ்சுபோல் விழுகிறது. ஆனால் விழுந்து இறுகிவிட்டால் அதன் பாரம் பயங்கரம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள இறுகிய பனி 200 கிலோவுக்கு மேலும் எடை இருக்கும். அதாவது நான்கு மூட்டை சிமெண்டு! ஓட்டலின் கூரை முழுவதும் இப்படி மூட்டை அடுக்கியதுபோல் பாரம் ஏறும். ஆகவே கூரையைச் செங்குத்தான சரிவாகப் போட்டுப் பனியைக் கீழே வழுக்கி விழ விடுவார்கள். அல்லது அவ்வளவு பாரத்தையும் தாங்கும்படி உத்திரங்களைப் பலமாகப் போடுவார்கள். வழுக்கும் பனி வாசலில் நிற்பவர் தலையில் விழக்கூடாது அல்லவா? அதனால் கூரைச் சரிவு எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பதையும் யோசித்துத்தான் வாசல் வைப்பார்கள்.

அடுத்தது ஜன்னல். ஒரு கண்ணாடி போதாது. இரண்டு கண்ணாடிகள் வைத்து, நடுவே இடைவெளி விடுவார்கள். உள்ளே உள்ள சூடு அப்போது எளிதில் வெளியே போகாது. வாசலும் அப்படியே. ஒரு கதவைத் திறந்து உள்ளே போனால், அங்கே இன்னொரு கதவு இருக்கும்.

கடைசியாக அஸ்திவாரம். தண்ணீர் உறைந்தால் பருக்கும். மண்ணில் உள்ள ஈரம் உறைந்து பருத்தால் மேலே உள்ள சுவரையே தூக்கிவிடும். அதனால் மண் உறையாத ஆழம் வரை தோண்டி அஸ்திவாரம் போடவேண்டும்.

கூரை பனிக்குப் பணிகிறது. ஜன்னல் குளிருக்குப் பணிகிறது. அஸ்திவாரம் மண்ணுக்குப் பணிகிறது. மலைக் கட்டிடக் கலையின் அரிச்சுவடி இதுதான். பணம் எவ்வளவு இருந்தாலும் இந்த அரிச்சுவடியைத் தாண்ட முடியாது.

பாட்டன் படித்த பாடம்

காஷ்மீரத்துக் கிராமத்து மக்கள் இதைப் பள்ளிக்கூடம் போகாமலே படித்திருந்தார்கள்.

அங்கே பழைய வீடுகளில் ஒரு வகை உண்டு. முதலில் மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகப் பொருத்துவார்கள். பிறகு அந்தக் கட்டங்களில் கல்லையும் செங்கல்லையும் மண்சாந்து பூசி அடைப்பார்கள். பார்ப்பதற்கு ஒட்டுத்துணி தைத்த போர்வைபோல் இருக்கும்.

2005-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி காஷ்மீரில் பெரிய பூகம்பம் வந்தது. காங்கிரீட் கட்டிடங்கள் பல நொறுங்கி விழுந்தன. ஆனால் மரக்கட்டம் போட்ட இந்தப் பழைய வீடுகள் பல ஆடின, விரிசல் விட்டன, ஆனாலும் நின்றன! மரச் சட்டம் ஒவ்வொரு கட்டத்தையும் பிடித்துக்கொண்டதால், ஒரு கட்டத்தில் விழுந்த விரிசல் சுவர் முழுவதும் ஓடவில்லை.

பாட்டன் கட்டியதை எல்லாம் பழையது என்று ஒதுக்கக்கூடாது என்பதற்கு இது ஒரு சான்று.

வேலை இல்லாதவர்கள் கட்டிய ஓட்டல்

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் ஹூட் என்ற பனி மலை இருக்கிறது. அதன் சரிவில், சுமார் 6,000 அடி உயரத்தில், டிம்பர்லைன் என்ற பெரிய பனிச்சறுக்கு ஓட்டல் இருக்கிறது. இதன் கதை கேட்கத் தக்கது.

1930-களில் அமெரிக்காவில் கடுமையான பொருளாதார மந்தம். லட்சக்கணக்கான பேருக்கு வேலை இல்லை. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசாங்கமே பல கட்டிடங்களைக் கட்டியது. அவற்றில் ஒன்றுதான் இந்த ஓட்டல். தச்சர்களும், கல்தச்சர்களும், கொல்லர்களும், நெசவு செய்யும் பெண்களும் சேர்ந்து கட்டினார்கள். 1937-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நேரில் வந்து திறந்து வைத்தார்.

கல்லும் மரமும் அந்தப் பகுதியிலேயே எடுத்தவை. பழைய தந்திக் கம்பங்களைச் செதுக்கி, மாடிப்படித் தூண்களில் பறவைகளாகவும் மிருகங்களாகவும் ஆக்கினார்கள். பழைய ரெயில் தண்டவாளங்களைக் காய்ச்சி அடித்து, கணப்பு அடுப்புக்கு இரும்புத் தாங்கிகள் செய்தார்கள். கிழிந்த கம்பளிகளையும் சீருடைகளையும் கொண்டு தரை விரிப்புகள் தயாரித்தார்கள். நடுவே ஆறு பக்கங்கள் கொண்ட பெரிய கூடம். அதன் மத்தியில் பிரம்மாண்டமான கல் புகைபோக்கி. வெளியில் இருந்து பார்த்தால் கூரையின் சரிவு, பின்னால் இருக்கும் மலையின் சரிவுபோலவே தெரியும்.

தூக்கி எறியும் பொருளைக் கொண்டு, துவண்டு கிடந்த மனிதர்கள் கட்டியது! இன்றும் அது நிற்கிறது. பணக்காரர் தங்கும் ஓட்டல் என்றால் பளிங்கை வெளிநாட்டில் இருந்து கொண்டுவரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உள்ளூர்க் கல்லுக்கும் உள்ளூர்க் கைக்கும் உள்ள மதிப்பை அந்தக் கட்டிடம் காட்டுகிறது.

காது கொடுக்காததால் வந்த கதி

மலைக்குப் பணிந்த கட்டிடத்தின் கதை அது. பணியாத இடத்தில் என்ன நடந்தது?

ஆலி பனிச்சறுக்குத் தலத்துக்குப் போகிறவர்கள் ஜோஷிமட் என்ற ஊர் வழியாகத்தான் போகவேண்டும். சுமார் 6,000 அடி உயரத்தில் உள்ள ஊர். அங்கிருந்து ஆலிக்குக் கம்பியில் தொங்கும் ரோப் கார் ஓடியது. பத்ரிநாத் போகும் யாத்ரீகர்களும் அந்த ஊர் வழியாகவே போகிறார்கள். கூட்டம் பெருகியது. ஓட்டல்களும் பெருகின.

1976-ம் ஆண்டே ஒரு அரசாங்கக் குழு எச்சரித்தது. "இந்த ஊர் உறுதியான பாறைமேல் இல்லை. பழைய மலைச்சரிவில் சரிந்து விழுந்த மண்ணும் கல்லும் குவிந்த குவியல்மேல் இருக்கிறது. இங்கே பெரிய கட்டிடங்கள் கூடாது. கற்பாறைகளைப் பெயர்க்கக்கூடாது. மரங்களை வெட்டக்கூடாது" என்பது அந்தக் குழுவின் கருத்து.

காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு.

2023-ம் ஆண்டு ஜனவரியில் ஊரே விரிசல் விட்டது. 800-க்கும் மேற்பட்ட கட்டிடங்களில் பிளவு. பல மாடிகள் கொண்ட இரண்டு ஓட்டல்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து நின்றன. அவற்றைப் பிரித்து இடிக்கவேண்டியதாயிற்று. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் குழந்தை குட்டிகளுடன், சட்டி பானைகளுடன் வீட்டைவிட்டு வெளியேறின. ரோப் காரும் நின்றது.

இதற்கு ஓட்டல்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. சுரங்கம் தோண்டியது, கழிவுநீருக்குச் சரியான கால்வாய் இல்லாதது, ரோடு போட மலையை வெட்டியது என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று நிச்சயம். களத்தில் குவித்த நெல்லின் அடியில் ஒரு கை அள்ளினால் மேலே உள்ள நெல் சரியும். இது குழந்தைக்கும் தெரியும். மலைச்சரிவும் அப்படித்தான். அடியை வெட்டி, மேலே பாரம் ஏற்றி, உள்ளே கழிவுநீரை ஊறவிட்டால் எந்தக் குவியல்தான் நிற்கும்?

அங்கே விடுமுறைக்கு வந்து தங்கியவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் எங்கே போவார்கள்?

கொடைக்கானல் தந்த தீர்ப்பு

இமயமலை தூரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் பக்கத்தில் இருக்கிறது.

1990-களில் கொடைக்கானலில் ஒரு ஓட்டல் எழுந்தது. தரைத் தளமும் ஒரு மாடியும் கட்டுவதற்குத்தான் அனுமதி. ஆனால் எழுந்தது ஏழு அடுக்கு! பழனி மலையின் இயற்கை வளத்தைக் காக்கப் பாடுபடும் சங்கத்தினர் கோர்ட்டுக்குப் போனார்கள். விதியில் இருந்து அந்த ஓட்டலுக்கு அரசு விலக்கு அளித்தது. அந்த விலக்கு செல்லாது என்று சென்னை ஐகோர்ட்டு கூறியது. 1995-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அதிகப்படியான மாடிகள் இடிபடவேண்டும் என்று முடிவாயிற்று.

மலையில் மாடி ஏறினால் என்ன தப்பு என்று கேட்கலாம். ஏழு மாடி என்றால் அறைகள் அதிகம். அறைகள் அதிகம் என்றால் குளியல் தண்ணீர் அதிகம். கழிவு அதிகம். கார் நிறுத்த இடம் வேண்டும். அதற்கு மலையை வெட்டவேண்டும். இத்தனைக்கும் மலையில் உள்ள ஊற்று ஒன்றுதான். ஓட்டல் குளிப்பதற்கு எடுத்தால், ஊர் குடிப்பதற்கு இருக்காது.

அதனால்தான் தமிழ்நாட்டு மலை ஊர்களுக்கு 1993-ம் ஆண்டு தனிக் கட்டிட விதிகள் வந்தன. அங்கே கட்டிடத்தின் உயரத்துக்கு வரம்பு உண்டு. விதி நல்ல விதி. அதைக் காப்பாற்றுவதுதான் கடினமாக இருக்கிறது. சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது, கட்டிடத்தில் தெரியவேண்டும்.

ஏரிக்கரையில் ஒரு அதிசயம்

அப்படியானால் மலையில் ஓட்டலே கூடாதா? அப்படிச் சொல்வது நியாயம் அல்ல. இலங்கையில் தம்புள்ளைக்குப் பக்கத்தில் கண்டலம என்ற ஓட்டல் இருக்கிறது. அதைக் கட்டிய விதத்தைத் தெரிந்துகொண்டால் வழி தெரியும்.

ஜெப்ரி பாவா என்பவர் இலங்கையின் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர். 1919-ம் ஆண்டு பிறந்து, 2003-ம் ஆண்டு மறைந்தவர். சிகிரியா கோட்டைக்கு அருகில் ஒரு சொகுசு ஓட்டல் கட்டிக் கொடுக்கும்படி அவரைக் கேட்டார்கள். அவர் இடத்தைப் பார்த்தார். "சிகிரியாவின் காலடியில் வேண்டாம். தள்ளிப் போய்க் கட்டுவோம்" என்ற முடிவுக்கு வந்தார். பல மைல் தள்ளி, கண்டலம ஏரியின் கரையில் உள்ள பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார்.

அங்கேயும் எதிர்ப்பு கிளம்பியது. அந்தப் பகுதி மக்களும் புத்த பிக்குகளும் எதிர்த்தார்கள். "ஏரித் தண்ணீர் கெட்டுவிடும். பாசனம் என்ன ஆகும்? காடு என்ன ஆகும்?" என்று கேட்டார்கள். கண்மாய்த் தண்ணீரை நம்பி வாழும் சுந்தரபாண்டியத்து விவசாயியும் அதையேதான் கேட்டிருப்பார்!

ஓட்டல் 1994-ம் ஆண்டு திறக்கப்பட்டது. கட்டிடம் எப்படி இருக்கிறது தெரியுமா? பாறையை வெடிவைத்துத் தகர்க்கவில்லை. பாறை வளைகிற இடத்தில் கட்டிடமும் வளைகிறது. ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம் நீண்டு கிடக்கிறது. கட்டிடம் தூண்கள்மேல் நிற்கிறது. அதனால் மலையில் பெய்யும் மழை கட்டிடத்துக்கு அடியிலேயே ஓடி, வழக்கமான வழியில் ஏரிக்குப் போய்ச் சேருகிறது. மொட்டை மாடியில் மண் போட்டுச் செடி வளர்த்திருக்கிறார்கள். சுவர் முழுவதும் கொடிகள் தொங்குகின்றன. குகைபோன்ற வாசல் வழியாக நுழைந்து போனால், பாறையே சுவராக நிற்கிறது. அதைத் தாண்டினால் ஏரி. ஏரிக்கு அப்பால் தூரத்தில் சிகிரியா!

ஏரியின் மறு கரையில் நின்று பார்த்தால் ஓட்டல் எது, காடு எது என்று தெரியாது. லட்ச லட்சமாகச் செலவழித்துக் கட்டிய மாளிகை, தன்னை மறைத்துக்கொண்டு நிற்கிறது! பெரிய மனிதனுக்கு அடக்கம் அழகு என்பார்கள். பெரிய கட்டிடத்துக்கும் அதுவே அழகு.

எதிர்த்துக் கேள்வி கேட்ட மக்களுக்கும் இதில் பங்கு உண்டு. கேள்வி கேட்பவர் இருக்கிற இடத்தில்தான் கட்டுகிறவர் கவனமாகக் கட்டுவார்.

கோபுரம் சொல்லும் பாடம்

இவ்வளவு தூரம் போய்ப் பார்க்காமல், ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இந்தப் பாடத்தைப் படிக்கலாம்.

ஆண்டாள் கோவில் ராஜகோபுரம் பதினொரு நிலை கொண்டது. உயரம் 190 அடிக்கு மேல். தமிழ்நாடு அரசின் முத்திரையாக விளங்குவது. அவ்வளவு உயரமான கோபுரத்தை முன்னோர்கள் எங்கே கட்டினார்கள்? கெட்டியான சமவெளியில் கட்டினார்கள்.

பக்கத்திலேயே சதுரகிரி மலை. ஆடி அமாவாசைக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் தாணிப்பாறை வழியாக ஏறிப் போய் சுந்தரமகாலிங்கத்தைக் கும்பிடுகிறார்கள். மலை மேலே விண்ணை முட்டும் கோபுரம் இல்லை. சிறிய கோவில்தான். பக்திக்குக் குறைவு உண்டா? இல்லை!

அந்த மலை எப்படிப்பட்டது என்பதை 2015-ம் ஆண்டு மே மாதம் காட்டியது. திடீர் மழையால் ஓடையில் வெள்ளம் பெருக்கெடுத்து, தரிசனத்துக்குப் போன பக்தர்கள் பலர் உயிர் இழந்தார்கள். சற்று முன்பு வரை காலை நனைக்கும் அளவுக்கு ஓடிய ஓடை அது. மலையில் தண்ணீரின் பாதையை மனிதன் அடைத்தால் தண்ணீர் மன்னிக்காது.

இந்த மலைப் பகுதி 2021-ம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அழகான சாம்பல் நிற அணில் வாழும் காடு. பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் இந்த மலைத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. காப்பகத்துக்குள் சொகுசு ஓட்டல் எழ முடியாது. ஆனால் அடிவாரம் எங்கும் பண்ணை வீடு, தங்கும் விடுதி என்று ஆசை வளரத்தான் செய்யும். ஓட்டல் வந்தால் வேலை வரும், ஊர் வளரும் என்று சொல்லத்தான் செய்வார்கள்.

வேலை வருவது நல்லதே. குடும்பத்தோடு மலையைப் பார்க்க ஆசைப்படுவதும் குற்றம் இல்லை. டிம்பர்லைன் ஓட்டல் நூற்றுக்கணக்கான ஏழைகளுக்குச் சோறு போட்டதே! ஆனால் வேலையை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மறைக்கக்கூடாது.

நான்கு கேள்விகள்

மலையிலோ மலையடியிலோ ஒரு பெரிய ஓட்டல் வருகிறது என்றால், கீழே உள்ள ஊர் மக்கள் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும்.

ஓட்டலுக்குத் தண்ணீர் எங்கே இருந்து வரும்?

அதன் கழிவு எங்கே போகும்?

மழைத் தண்ணீர் இறங்கும் ஓடைகள் அப்படியே இருக்குமா?

கட்டுகிற கையும் கல்லும் உள்ளூரில் இருந்து வருமா?

இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகுதான், எத்தனை மாடி, எத்தனை அறை என்ற பேச்சு வரவேண்டும். கிராம சபையில் இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குப் பெரிய படிப்பு தேவை இல்லை. கண்மாயில் தண்ணீர் குறைந்தால் அடுப்பில் உலை ஏறாது என்பது தெரிந்தால் போதும். அது ஒவ்வொரு தாய்க்கும் தெரியும்.

மலை ஓட்டலில் ஓர் இரவு தங்குவதற்குப் பணக்காரர் கொடுக்கும் வாடகை, சுந்தரபாண்டியத்தில் ஒரு குடும்பத்தின் பல நாள் கூலியாக இருக்கலாம். அந்தக் குடும்பம் அந்த ஓட்டலில் ஒரு நாளும் தங்கப் போவது இல்லை. ஆனால் அந்த மலை தரும் தண்ணீரை அது தினமும் குடிக்கிறது. ஆகவே, ஓட்டல் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் உரிமை, தங்கப் போகிறவரைவிட அந்தக் குடும்பத்துக்கே அதிகம்.

மலைக்கு வணங்கிய மாளிகை நிலைக்கும். வணங்காத மாளிகை சாயும். அது சாயும்போது, கீழே இருப்பவர்களையும் சேர்த்துச் சாய்க்கும் என்பதுதான் கவலை!